இரண்டு வீட்டுக்கு ஒரே மாடிப்படி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எங்கள் வீட்டு மாடிப்படி யாருடையது? புரோக்கர் பாலு காலையில் வந்து கேட்ட கேள்வி. பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிறேன். பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் நம்பவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவளுக்குத் தன் வீட்டுப் படி தெரியாதா என்று ஒரு பார்வை.

புழுக்கம். துறைமுகச் சாலையில் லாரி வரிசை. ஜன்னல் கம்பியெல்லாம் புழுதி. துடைக்கவில்லை. விற்கப்போகிற வீடு.

தெரிந்தது இவ்வளவுதான். பிளான்படி படி ஹாலுக்குள் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு புஷ்பம் அக்காவின் பிளானிலும் அப்படியே. அப்பாவும் அக்காவின் கணவர் அந்தோணி அண்ணனும் துறைமுகத்தில் ஒரே ஷிஃப்டு. ஹாலில் பாதியைப் படிக்கு எதற்குக் கொடுப்பது என்று பேசி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் காலியாக விட வேண்டிய சந்தில் ஒரே படியாகக் கட்டிவிட்டார்கள். பாதி எங்கள் நிலம், பாதி அவர்கள் நிலம். மேலே போனால் இடப்பக்கம் எங்கள் மாடி, வலப்பக்கம் அவர்கள் மாடி. அனுமதியும் இல்லை, எழுத்தும் இல்லை. கட்டிய இருவரும் இப்போது இல்லை.

பாலு: "அத்தயெல்லாம் பார்ட்டி கைல சொல்லாதீங்க மேடம். கேட்டா பாத்துக்கலாம்."
"கேட்கலைன்னா?"
"கேக்காட்டி இன்னும் ஷோக்கு."

சொல்லிவிடுவது என்று முடிவு. நேர்மையெல்லாம் இல்லை, பிறகு யாராவது போன் செய்து கத்துவதைக் கேட்கத் தெம்பில்லை. பிளானில் இல்லாதவை:
– மேற்படி படி.
– மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை. நான் எம்.எஸ்ஸி. படித்தது அதில்தான். மே மாதத்தில் அடுப்பு.
– பின்பக்கக் கழிவறை.
– படி திரும்பும் இடத்தில் தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு. இது புஷ்பம் அக்கா வீட்டுடையது. இரண்டு வீட்டாருக்கும் அந்த இடத்தில் தலை தானாகக் குனியும். புதிதாக வருகிறவர்களுக்கு நெற்றி வீங்கும்.

கல்லூரிக்குப் பக்கத்தில் பார்த்துவைத்த சின்ன ஃபிளாட்டை மாதக் கடைசிவரைதான் எனக்காக வைத்திருப்பார்கள். இது விற்றால்தான் அது. இல்லையென்றால் தாம்பரம் தாண்டிப் போய்வரும் ரயில், ஓய்வுபெறும்வரை.

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

சாயங்காலம் வீடு பார்க்க வந்தார் தமிழ்ச்செல்வி. அரசு மருத்துவமனையில் நர்ஸ். எம்.கே.பி. நகர் குடியிருப்பில் அம்மாவோடு இருக்கிறார். தனியாக வந்தார், தனியாகவே கேள்வி கேட்டார். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்து மோந்து பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

படி ஏறும்போது "பாத்து" என்று நான் வாய் திறப்பதற்குள் சன்ஷேடில் இடித்துக்கொண்டார். பாலு உடனே, "வலது பக்கம் இடிச்சா லாபம்மா." நர்ஸ் முறைத்த முறைப்பில் பாலு வாசலுக்குப் போய்விட்டார். அது நல்லதாயிற்று. பட்டியல் முழுவதையும் சொன்னேன்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார். "எங்க ஹவுசிங் போர்டுல ஒரு பிளாக்குக்கே ஒரே படிதான் மேடம். யாருதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. லைட்டு எரியலன்னா மட்டும் கேப்பாங்க."

அவருக்குக் கவலை படியில்லை, பேங்க். லோன் வந்தால் வாங்குவார். சனிக்கிழமை பேங்க் இன்ஜினியர் வந்து அளப்பார்.

போகும்போது, "நெஜமாவே எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா, இன்னும் எதனா கீதா?" என்று கேட்டார். யோசித்து, சமையலறையில் எலி வரும் என்றேன்.


ஆகஸ்ட் 8, வியாழன்

ரயில் தாமதம். வீட்டுக்கு வந்தால் வாசலில் புஷ்பம் அக்கா, இடுப்பில் கை. காலையில் வாசலில் இட்லி விற்கிறவர், சாயங்காலம் தெருவை விசாரிக்கிறவர்.

"இன்னா டீச்சரு, படிய இடிக்கப் போறீயாமே? எம் பொண்ணு மேலேருந்து கயிறு கட்டிகினு எறங்குவாளா?"

அவருடைய மகள் மேரி, மருமகன், இரண்டு குழந்தைகள் எல்லாம் வலப்பக்க மாடியில்.

"யார் சொன்னது அக்கா?"
"பாலுதான் டீக்கடையில சொல்லிகினு கீறான். பேங்க்காரன் மொறைச்சா படிய இடிச்சிட்டா போச்சின்னு."

பாலுவைப் பற்றி நான் நினைத்ததை இங்கேகூட எழுதப்போவதில்லை.

இடிக்க விடமாட்டேன் என்றேன். அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "நீ இடிக்க மாட்ட, தெரியும். ஆனா நீ பூடுவியே."

கதவைத் திறப்பதற்காகச் சாவியைத் தேடினேன். சாவி கையிலேயே இருந்தது.


ஆகஸ்ட் 10, சனி

லேசான தூறல். காலையில் கதவைத் திறந்தால் படியடியில் மாதா.

நீல அங்கி, தலையில் கிரீடம், இடுப்பளவு உயரச் சுரூபம். சிமெண்டு வைத்து டைல்ஸ் ஒட்டிய பீடம். சுற்றிலும் சீரியல் லைட்டு. யாரோ அதற்குள் மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. புஷ்பம் அக்கா இட்லித் தட்டோடு நின்றுகொண்டு, "மாதா குந்திகினு கீற எடத்துல எவன் கைய வெப்பான்?"

இன்ஜினியர் டேப்போடு தெருமுனையில் இறங்கினார். கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்துத் தெரு வீடுகளெல்லாம் உள்வாங்கிக்கொண்டன. எதிர்வீட்டில் தார்ப்பாயைச் சுருட்டினார்கள். மூன்றாம் வீட்டில் சாக்கடைமேல் போட்ட பலகை உள்ளே போயிற்று. யாரோ தெருவுக்குள் நீட்டிக் கட்டிய வாசல்படியின்மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். இவ்வளவு அகலமான தெருவா இது.

இன்ஜினியர் பொறுமைசாலி. மாடிக்குப் போகும்போது நெற்றியை இடித்துக்கொண்டார், எழுதிக்கொண்டார். திரும்பி வந்து மாதா முன்னால் நின்றார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"
அக்கா: "ரொம்ப காலமா கீது சார். அற்புதமெல்லாம் நடந்துகீது."

அவர் ஷூவைத் தூக்கினார். ஈரச் சிமெண்டில் ஷூ அச்சு. அற்புதத்தை யாரும் மறுக்க முடியாது.

பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது: "இந்தப் பக்கம் எந்த வீடு மேடம் பிளான் மாதிரி இருக்கு? இருக்கறத இருக்கற மாதிரி எழுதிடுவேன். படி பொதுன்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒப்பந்தம் பதிஞ்சிட்டா பேங்க் ஒத்துக்கும். ஆனா சொத்துல வழிபாட்டு எடம் இருந்தா லோன் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருவேன். அதுக்குள்ள பாருங்க."

அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

"அப்போ மாதா இல்லாங்காட்டி படிய உட்ருப்பானா?"
"ஆமா."
"ஒரே பேஜாரு." சட்டென்று மாதாவைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலநாள் கழித்து. அக்காவுக்கும் வந்தது, ஆனால் அவர் அதை வெளியே விடவில்லை.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

அக்கா எடுக்கமாட்டார். "வெச்சது நானு. எடுன்னு சொல்ல வாய் வர்ல டீச்சர். தெருவே பாத்துகினு கீது."

தெரு பார்த்துக்கொண்டு மட்டும் இல்லை. சாயங்காலம் படியில் வரிசையாக உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். என் வீட்டுக்குள் போக வழியில்லை. "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டே ஒரு அம்மா முழங்காலை நகர்த்தி வழிவிட்டார், நிறுத்தாமல்.

சீரியல் லைட்டின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். என் சமையலறை ஜன்னல் வழியாக, மிக்சி பிளக்கில். காலையிலிருந்து சட்னி அரைக்க முடியாததன் காரணம் தெரிந்தது.

கடைசியில் பங்கு ஃபாதரைப் பார்க்கப் போனேன். கோயிலுக்குள் நான் போய் வருடங்கள் ஆயிற்று. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதை முழுவதையும் கேட்டார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தச் சுரூபத்த நான் ஜெபிச்சு மந்திரிக்கவே இல்லையே. பீடத்த விட்டு எடுத்தா ஒரு தப்பும் இல்ல. ஆனா புஷ்பத்துக்கு அது போதாது." கொஞ்சம் யோசித்தார். "பதினஞ்சாம் தேதி மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள். மேல போற நாள். பவனியா தூக்கிட்டுப் போய் மேரி வீட்ல வச்சிடுங்க. அங்க வச்சி நானே மந்திரிக்கிறேன்."

வலப்பக்க மாடி. எங்கள் சொத்து இல்லை. பேங்குக்குச் சம்பந்தமில்லை. இந்த மனிதர் வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

பவனிக்கு அக்கா உடனே தலையாட்டினார். ஒப்பந்தத்துக்கு ஆட்டவில்லை. "வாங்கறவள கூப்டு. மூஞ்சிய பாத்து பேசணும்."


ஆகஸ்ட் 13, செவ்வாய்

மழை. இரவு டியூட்டிக்குப் போகும் வழியில் தமிழ்ச்செல்வி வந்தார். அக்கா அவரைப் படியிலேயே உட்காரவைத்தார், மாதாவுக்குப் பக்கத்தில். வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தை நான் படிக்க ஆரம்பித்தேன். அக்கா கையால் தடுத்தார்.

"பேப்பரு கெடக்கட்டும். நீ சொல்லுமா. படிய இடிப்பியா?"
"இடிச்சிட்டு நைட் டூட்டி முடிஞ்சி நான் எதுல ஏர்றதும்மா?"
"வேணும்னா உள்ளார புதுசா கட்டிக்கலாமே."
"ஹால்ல எங்கம்மா கட்டிலு போடணும். படிக்கு ஏது எடம்?"

அப்பாவும் அந்தோணி அண்ணனும் சொன்ன அதே காரணம். அக்கா என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் தமிழ்ச்செல்வி. "ஒங்க சன்ஷேட மட்டும் ஒரு நா ஒடைப்பேன்."
"அத்த தொட்டுப் பாரு, அப்பால கீது சேதி!"

சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். இட்லி, டியூட்டிக்கு. சட்னி காலையிலேயே தீர்ந்துவிட்டதால், மிளகாய்ப்பொடி. என்னைப் பார்த்து, "நாளைக்கு எங்க வந்து கையெளுத்து போடணும்?"

இந்த வீட்டில் இவ்வளவு காலம் இருக்கிறேன். எனக்கு அக்கா பொட்டலம் கட்டித்தந்ததில்லை. சொன்னால், "நீ எப்ப கேட்ட?" என்பார். உண்மைதான்.


ஆகஸ்ட் 14, புதன்

பதிவு அலுவலகம். ஃபேன் ஓடவில்லை. ஒப்பந்தம் பதிந்தாயிற்று. அக்காவைக் கைரேகை வைக்கச் சொன்னபோது, "டீச்சர் பக்கத்துல நிக்கிறேன், கையெளுத்தே போடுறேன்" என்று பேனாவைப் பிடுங்கி எழுதினார். புஷ்பம். ஷ மட்டும் பெரிதாக.

கொத்தனாருக்குச் சொல்லியாயிற்று: நாளை பவனி முடிந்ததும் பீடத்தைப் பெயர்க்க வேண்டும்.


ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய். சாயங்காலம் மாதா. மிட்டாய் மீந்திருந்ததால் இதற்கும் அதே மிட்டாய்.

பெஞ்சைக் கவிழ்த்து, மல்லிகைப்பூ சுற்றி, சப்பரம். மேரியின் வீட்டுக்காரரும் மூன்று பேரும் தோள்கொடுத்தார்கள். தெருவில் ஒரு சுற்று, பிறகு படி. எல்லோரும் ஏற வேண்டும் என்றார்கள். எங்கள் அப்பா போட்ட படி இத்தனை பேரைத் தாங்குமா என்று மனதில் கணக்குப் போட்டேன். விடை பிடிக்கவில்லை. பேசாமல் சுவரோரமாக ஏறினேன். என் கையில் எக்ஸ்டென்ஷன் ஒயர். லைட்டு அணையாமல் மாதாவோடு ஏற வேண்டுமாம். கரண்ட் என் வீட்டுடையது.

திருப்பத்தில் தூக்கியவர்கள் பழக்கத்தில் குனிந்தார்கள். மாதா குனியவில்லை. கிரீடம் சன்ஷேடில் இடித்து நின்றது.

"சாய்ங்கடா!"
"மாதாவ எப்டி சாய்க்கிறது?"
"நாமெல்லாம் குனியல? சாய்ங்க!" இது அக்கா.

சாய்த்தார்கள். மாதாவும் குனிந்து போனார். கைதட்டல். பாட்டு மறுபடி ஆரம்பித்தது, வேறு சுருதியில்.

மேரி வீட்டில் ஃபாதர் மந்திரித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புழுக்கம்" என்றார். நான் ஃபேனைப் போட்டேன். கேசரி நன்றாக இருந்தது, இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.

நான் ஜெபிக்கவில்லை. ஒயரை மட்டும் பிடித்திருந்தேன். ஆனால் இறங்கிவரத் தோன்றாமல் கடைசிவரை இருந்தேன்.

நாளை இன்ஜினியர். என் கணிப்பு: புதிதாக ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவார். ஃபிளாட்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்துவைக்க வேண்டும்.


ஆகஸ்ட் 16, வெள்ளி

விடுப்பு. வெயில், கொஞ்சம் காற்று.

தள்ளிப்போடவில்லை. இன்ஜினியர் வந்தார். பீடம் இருந்த இடத்தில் புதுச் சிமெண்டு. இந்தத் தடவை கவனமாகத் தாண்டினார். "அற்புதம் எங்க போச்சு?" "மேல பூட்சி சார்," என்றார் அக்கா. ஒப்பந்தத்தைப் பார்த்தார், போட்டோ எடுத்தார். சரி, லோனுக்கு எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றார். கூடவே நின்ற தமிழ்ச்செல்வி என் கையைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார். எனக்குப் பிடிக்காதோ என்று நினைத்திருக்கலாம்.

கடைசியாக மாடியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் இன்ஜினியர். பேனாவைத் திறந்துகொண்டே, "அப்போ இந்தப் படி யாருதுன்னு போடறது?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். "என்னுது. அப்பால தோ, இந்தப் பொண்ணுது."

என்னைச் சேர்க்கவில்லை. சரிதான்.

எழுதிக்கொண்டே ஏறினார். பின்னால் தமிழ்ச்செல்வி, அவருக்குப் பின்னால் நான். திருப்பத்தில் இன்ஜினியர் மறுபடியும் இடித்துக்கொண்டார். தமிழ்ச்செல்வி போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டே போனார். யாரும் சொல்லவில்லை. தானாகக் குனிந்தார்.