கேதய்யன் நாக்கைக் குறித்து மழவரையருக்கு விடுத்த ஓலை

வெண்கோட்டு நாட்டில் மழை பிழையாது பெய்க. நாடாளும் குமணவர்மத் தேவரின் குடைநிழல் குறையாது நிற்க. தலைநகரில் வெற்றிவிழாக் காண எழுந்தருளியிருக்கும் வடதிசைப் படைமுதலி, செருவில் முந்தி விருந்திலும் முந்தும் மழவரையர் திருமுன்புக்கு, கருங்கணவாய்க் கோட்டை ஓலைநாயகம், பரிசை என்னும் கேடயத்துக்குத் தோல் தைக்கும் கண்டன் மகள் எயினி விடுத்த ஓலை. தங்கள் குலமும் குதிரைகளும் நலமாயிருக்க.

தங்கள் ஆள் வந்து சேர்ந்தான். சிறையிலிருக்கும் கன்னடப் பாடகன் கேதய்யனின் நாக்கை அடியோடு அறுத்து, உப்பிட்ட சாடியில் விழாவுக்கு அனுப்பவேண்டும் என்று தாங்கள் இட்ட கட்டளையைச் சொன்னான். கத்தியையும் கையோடு கொண்டுவந்திருந்தான். அவனுக்குச் சோறு போடப்பட்டது. நாக்கு அறுக்கப்படவில்லை. ஏன் என்பதை எயினி முழுக்கச் சொல்லிவிடுகிறாள். அவையில் தாங்கள் வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஒன்னவள்ளி நாட்டார் நம் கோட்டைக் கதவை உடைக்க இடிமரம் கொண்டுவந்த காலை தங்களுக்கு நினைவிருக்கும். இரும்பு முகம் பூட்டிய மரம். இருபுறமும் கயிறு பிடித்த ஆட்கள். பயந்து எவனும் கைவிட்டு ஓடாதிருக்க மணிக்கட்டைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். கட்டில்லாத கை ஒருவனுக்கு மட்டும்தான். அவன்தான் கேதய்யன், பக்கத்தில் ஓடிக்கொண்டே பாடுகிறவன். அவன் பாட்டுக்குத்தான் மரம் பின்வாங்கும், அவன் பாட்டுக்குத்தான் பாயும். ஒவ்வோர் இடிக்கும் கதவின் ஆணிகள் தெறித்து நம் ஆட்களின் முகத்தில் பாய்ந்தன. கதவின் குறுக்கே இட்ட கணையமரத்தைத் தோள்கொடுத்துத் தாங்கியிருந்த ஒருவனுக்கு நெஞ்செலும்பு உள்ளே போயிற்று, நின்றபடியே செத்தான்.

எயினி கொத்தளத்தில் நின்று கேட்டாள். அவள் குடியில் எழுத்தறிந்த முதல் ஆள் அவள். கடிகை என்னும் கல்விச்சாலையில் தமிழ் யாப்புப் பந்தியில் பரிசை தைப்பவன் மகளுக்கு இடமில்லை என்று, ஆளில்லாமல் கிடந்த கன்னட யாப்புப் பந்திக்குத் தள்ளினார்கள். தள்ளியவர்கள் வாழ்க. வந்தது ஆறடிப் பாட்டு, அவர்கள் ஷட்பதி என்பது. மூன்று மாத்திரை, நான்கு மாத்திரை, மறுபடி மூன்று, நான்கு என்று நொண்டி நொண்டி நடக்கும். இரைச்சலில் சொல் புரியாவிட்டாலும், நம் எதுகைபோல அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி விழுவதைக் கொண்டு அடி தொடங்குவது தெரியும். முதல் இரண்டடி குட்டை. அதற்கு மரம் பின்னே போகும். மூன்றாமடி நீளம், அதற்கு ஓடிவரும். அந்த அடியின் வாலில் ஒரு நெடில் தொங்கும். அந்த நெடிலில்தான் இடி. நான்கும் ஐந்தும் மறுபடி குட்டை, ஆறாமடி மறுபடி நீளம், மறுபடி இடி.

இதை அவள் ஓடிவந்து சொல்லி, உள்ளே குழி வெட்டிக் கழுமுனை நட்டு, நெடில் விழுமுன் கதவைத் திறந்துவிடலாம் என்றபோது, தோல் நாற்றம் போகாத கை தாளம் போடுகிறதோ என்று தாங்கள் சிரித்ததையும், பக்கத்து வேல்காரர் சேர்ந்து சிரித்ததையும் இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதியாயிற்று. மேல்கீல் பெயர்ந்தபிறகே சம்மதித்தீர்கள்.

குழி தயாரானதும் எயினி கொத்தளத்தில் கையை உயர்த்தி நின்றாள்; கை தாழ்ந்தால் கதவைத் திறக்கவேண்டும் என்பது குறி. நாலாமடி போயிற்று, ஐந்தாமடி போயிற்று. அதற்குள் கணையமரத்தை உருவிவிட்டார்கள். ஆறாமடிக்கு மரம் பாய்ந்தது. கதவு அசைவதைக் கேதய்யன் கண்டான். கண்டவன், படைமுதலியே, பாட்டை நிறுத்தினான். கடைசி நெடிலைப் பாடவேயில்லை. வாய் திறந்தபடி இருந்தது, ஒலி வரவில்லை. எயினி அந்த மௌனத்தைக் கேட்டாள்.

கால்கள் நிற்கவில்லை. அத்தனை பேரின் காலும் பாடாத நெடிலைத் தாமே நிரப்பி ஓடின. எயினியின் கையும் அதே இடத்தில் தானே விழுந்தது. அவள் இறக்கவில்லை, விழுந்தது. கதவு திறந்தது. மரம் வெறுங்காற்றை இடித்துக் குழிக்குள் போயிற்று, கட்டிய கைகளைப் பிடித்திழுத்துக்கொண்டு. முன்வரிசை கழுவில் இறங்கிற்று. பின்வரிசை முன்வரிசைமேல் விழுந்து அதை இன்னும் ஆழமாக இறக்கிற்று. முடிச்சவிழ்க்கப் பல்லால் கடித்தார்கள். ஒருவன் கயிற்றை விட்டுத் தன் மணிக்கட்டையே கடித்தான். மேலிருந்து நம்மவர் வேலால் குத்தினார்கள், கை சோர்ந்ததும் கல்லைப் போட்டார்கள். தாங்கள் கடைசியில் இறங்கிவந்து, அசையாதிருந்த ஒருவன் தலையை வெட்டியெடுத்துக்கொண்டு போனீர்கள். அதுதான் இன்று அவையில் ஈட்டிமேல் இருக்கிறதாம். அது சோவய்யனின் தலை. கேதய்யனின் தம்பி.

குழியோரத்திலேயே பிடிபட்ட கேதய்யனிடம் எயினி சிறைக்குப் போய் அவன் மொழியிலேயே பேசினாள். மாத்திரை எண்ணியது யார் என்று அவன் முதலில் கேட்டான். நான்தான் என்றாள். எங்கள் பாட்டை எங்களைவிட நன்றாகக் கேட்டிருக்கிறாய், நாசமாய்ப் போ என்றான். போகவிட்டால் என்ன செய்வாய் என்றதற்கு, செத்தவன் எப்படிச் செத்தான் என்று கண்டவன் பாடித் தராமல் எங்கள் ஊரில் நடுகல் நிற்காது, கண்டவன் நான் ஒருவன்தான், முதலில் அத்தனை பேருக்கும் கந்தம் பாடவேண்டும் என்றான். கந்தம் என்பது அவர்கள் கல்லில் வெட்டும் நாலடிப் பா. அதன்பிறகு என்று கேட்டாள். எங்கள் நாட்டு நாயகன் கூப்பிட்டால் மறுபடி மரத்தோடு வருவேன், இம்முறை ஐந்தைந்து மாத்திரையாய் வருவேன், முடிந்தால் எண்ணிக்கொள் என்றான். பொய் சொல்லித் தப்பத் தெரியாதவன். எயினிக்குச் சிரிப்பு வந்தது.

தாங்கள் அறுக்கச் சொல்வது எதை? அந்தக் குழியருகே கொல்லாமல் நின்றது ஒன்றே ஒன்று, அந்த நாக்கு. கை கொன்றது, கால் கொன்றது, வேலும் கல்லும் கொன்றன. நாக்கு நின்றது. அதையா உப்பில் போட்டு, புலவர் வாழ்த்துப் பாடும்போது பந்தியில் சுற்றுக்கு விடப் போகிறீர்கள்?

படைமுதலி கோட்டை எல்லை தாண்டிய கணமே அரச முத்திரை ஓலைநாயகத்தின் கைக்கு வரும் என்பது தேவரின் ஆணை. பரிசு வாங்கும் அவசரத்தில் தாங்கள் புறப்பட்டுப் போனீர்கள். முத்திரை எயினியிடம் இருக்கிறது. இன்று காலை கேதய்யன் கட்டவிழ்க்கப்பட்டு, குழியில் கிடந்த பிணங்களோடு வண்டியேற்றி ஆற்றின் அக்கரையில் விடப்பட்டான். வண்டியில் தலையில்லாத உடல் ஒன்று. அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து போனான்.

ஆகவே இம்முத்திரையின் பேரால் ஆணையாவது: சோவய்யன் தலையை ஈட்டியிலிருந்து இறக்கி, துணியில் சுற்றி, உடல் புதையுமுன் அக்கரை சேர்ப்பிக்க. கேதய்யன் கந்தம் பாடி முடிக்கும்வரை இக்கணவாயில் எவன் அவன் நாக்குக்குக் கத்தி நீட்டினாலும், நீட்டிய கை மணிக்கட்டோடு வாங்கப்படும். அது தங்கள் கையானாலும் சரி. பாடி முடித்து அவன் மரத்தோடு வரட்டும். அப்போது எயினி கொத்தளத்தில் இருப்பாள். அவனைக் கொல்வதானால் அங்கிருந்து கொல்வாள்.

சூரியனும் ஆறும் சாட்சியாக, அரச முத்திரை ஒற்றி, கருங்கணவாய் வாயிலில் எழுதியது. இப்படிக்கு இவை கண்டன் மகள் எயினி எழுத்து.