கால்வாய்க் கரைப் புல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், உன் சுகம் அறிய ஆசை என்றுதான் தொடங்க வேண்டும். அம்மா சுகம். என்னைப் பற்றி இரண்டு பக்கம் தள்ளிச் சொல்கிறேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காதே, வீட்டில் காகிதம் நிறைய இருக்கிறது.

ஐந்து மாதமாக, நான் ஆலைக்குப் போகும் நேரம் பார்த்து நீ அம்மாவுக்குப் போன் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. நான் உள்ளே நுழையும்போதே முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் தகுதி எனக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். அடுப்படிக் குழாய் மறுபடி ஒழுகியது. ஆள் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கை வைத்தேன். முன்பு சொட்டியது, இப்போது கொட்டுகிறது. அம்மா ஒரு வாரமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஸ்டுடியோவின் அனிமேஷன் படங்கள் வரவரச் சரியில்லை என்பது நான் இன்று நேற்று சொல்வதா? 'மழை விற்பவள்' பார்த்தபோது உனக்கு ஆறு வயது. அந்த மலைச்சரிவுக் காட்சியில் எத்தனை பச்சை இருக்கிறது என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தோம். நாற்பதில் நின்றது, நீ என் தோளில் தூங்கிவிட்டதால். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் முதல் சனிக்கிழமை மூவரும் போவோம். திரும்பும்போது நீயும் நானும் சண்டை போட, அம்மா நம்மைத் தெரியாதவள் மாதிரி பத்தடி முன்னால் நடப்பாள். நான்காவது படத்தில் பாட்டு கெட்டது. ஆறாவதில் ஆளாளுக்கு மனதில் இருப்பதை வாயால் விளக்க ஆரம்பித்தார்கள். நிறமும் செத்துக்கொண்டு வருகிறது என்பேன். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, அதான் எதுவும் பிடிக்கல" என்று நீ சிரிப்பாய்.

பிறகு 'பாலத்துக்கு அந்தப் பக்கம்' வந்தது. நீ அங்கே வேலைக்குச் சேர்ந்து பின்னணி ஓவியம் தீட்டிய முதல் படம். எந்தக் காட்சி உன்னுடையது என்று கேட்டதற்கு, "போய்ப் பாருங்கப்பா, உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னாய். கால்வாய்க் கரைக் காட்சி வந்ததும் அம்மா என் கையைக் கிள்ளினாள். "நம்ம வீட்டுக்குப் பின்னாடிங்க இது" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் கரை மழைக்குப் பிறகு எப்படி இருக்கும், இது சாக்குப்பை மாதிரி இருக்கிறதே என்றேன். என் மகள் கை எனக்குத் தெரியாதா, இது அவளுடையதாக இருக்கவே முடியாது என்ற திமிர். மறுநாள் காலை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வார இதழின் வாசகர் பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். முப்பது வருடமாகச் சாய ஆலையில் துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று ஷேடு பார்ப்பவன் என்று தொழிலையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். 'இந்தப் புல்லை வரைந்தவர் பிறந்ததிலிருந்து புல்லையே பார்த்ததில்லை' என்ற வரியைக் கட்டம் கட்டிப் போட்டார்கள்.

இதழ் வந்த அன்று நீ போன் செய்தாய். "படிச்சேன்பா. சரிப்பா." அவ்வளவுதான். உங்கள் அலுவலகத்தில் யாரோ அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள். எழுதியது உன் அப்பா என்று நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு நீயே கேட்டு, வண்ணம் தீட்டுவதை விட்டுவிட்டுக் கோப்பு அடுக்கும் பிரிவுக்குப் போய்விட்டாய். இதெல்லாம் அம்மா வழியாக என் காதுக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் பார், வீம்பு போகவில்லை. வலித்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம், நிறம் தப்பு தப்புதானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

போன மாதம் சாய மேஸ்திரி என் அறைக்கு வந்து மேசை விளக்கின் கீழே இரண்டு துண்டுத் துணியை வைத்தார். ஒன்று வாங்குபவர் அனுப்பிய சாம்பிள், ஒன்று நம் தொட்டியிலிருந்து வந்தது. ரெண்டும் ஒன்றுதான், அனுப்பு என்றேன். அவர் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, "அண்ணே, ஒண்ணு பச்சை, ஒண்ணு சாம்பல்ணே" என்றார், மெதுவாக. அந்த லாட்டை அவரே திரும்பச் சாயத்தில் போட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து நான் துணியை எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, தனக்குத்தானே பேசுவது போல நிறத்தின் பெயரை முணுமுணுக்கிறார். நான் அதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் 'மழை விற்பவள்' டிவிடியை எடுத்துப் போட்டேன். இதுவல்லவா நிறம் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மலைச்சரிவு வந்தது. நாற்பது பச்சையில் ஒன்றுகூட இல்லை. டிவியின் பட்டன்களையெல்லாம் அமுக்கிப் பார்த்தேன். தட்டு தேய்ந்துவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நல்லாத்தானே தெரியுது, கண்ணைப் பறிக்குதே" என்றாள். படம் முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

கண் டாக்டர் பார்த்துவிட்டார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறதாம். ஊசி போட்டு வேகத்தைக் குறைக்கலாம், போனது போனதுதான் என்கிறார். ஆறேழு வருடமாகவே இது இருந்திருக்கும் என்றும் சொன்னார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியது நான்தான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

ஆறேழு வருடம் என்றால் ஐந்தாவது படத்திலிருந்து. நான் சொன்ன குறைகளில் எது படத்தினுடையது, எது என் கண்ணினுடையது என்று இப்போது எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. இதற்காக எல்லாம் நல்ல படம் என்று பல்டி அடிக்க மாட்டேன். ஆறாவது படத்தின் கடைசி அரைமணி நேரம் பிரசங்கம்தான், அது காதால் கேட்டது. ஆனால் நிறத்தைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் புல்லைப் பற்றிச் சொன்னதை முதலில்.

உன்னிடம் மட்டும் சொன்னால் போதாது. பலர் முன்னால் சொன்னதைப் பலர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதே இதழின் அதே பக்கத்துக்கு, அதே பெயரில் எழுதிவிட்டேன். 'அன்று அப்படி எழுதியவனுக்குப் பச்சை தெரியாது. வரைந்தவர் அவன் மகள்' என்று இருக்கும். அடுத்த வாரம் போடுகிறார்களாம். ஆலையில் எல்லோரும் வாங்கும் இதழ் அது. வந்ததும் என் மேசை போய்விடும். மேஸ்திரியை மாட்டிவிடக்கூடாது என்று நானே முதலாளியிடம் நாளைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். அந்த அறையை விட்டு வருவது எனக்குச் சுலபமில்லை, பாப்பா. அது இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனால் நீ தூரிகையைக் கீழே வைத்தது ஒரு குருடனின் பேச்சைக் கேட்டு என்பது உங்கள் அலுவலகத்துக்கும் தெரியட்டும். பலகையில் இதையும் குத்தட்டும்.

போன ஞாயிறு உன் படத்துக்கு மறுபடி போனோம். ஒரு சின்னக் கொட்டகையில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எங்களோடு சேர்த்து ஏழு பேர். அம்மா என் காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள். பாலம், மரம், உடைந்த பெஞ்சு. பெஞ்சில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், மடியில் பை, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றாள். "நீங்கதாங்க அது, அன்னைக்கு அதுக்குத்தான் கிள்ளுனேன்" என்றாள். நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மங்கல்தான் இருந்தது. தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். ஏதோ இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

நீ மறுபடி வரைய வேண்டும். உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆளுக்கு என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறாய்? அம்மா நீலம் என்கிறாள். அவளுக்கு உலகத்தில் ஒரே நீலம்தான். எந்த நீலம், பாப்பா? போனில் சொல்லாதே. வந்து சொல்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா