கன்னியம்மா படத்துக்கு மாலை

கார்த்திகை 7, ஞாயிறு
விடியலிலிருந்து தூறல். கோலம் நிற்கவில்லை.

மூத்த பேரன் கார்த்தி கனடாவில் சொந்த வீடு வாங்கிவிட்டான். பேத்தி திவ்யா சி.ஏ. ஒரே தடவையில் பாஸ். கடைக்குட்டிக்கு நீச்சலில் வெள்ளிக் கப். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கும் இன்று மரியாதை. வக்கீல் வீட்டில் சேவை செய்கிறவர்களுக்குப் பாராட்டு விழா.

பழைய காலத்து மச்சு வீடு, இப்போது டிரஸ்ட் கையில்; ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். சம்பளமில்லாமல் நாங்கள் ஏழு பேர். எனக்கு வாசல்: செருப்புப் பார்ப்பது, "தூண்ல பேர் கிறுக்காதீங்க" என்று கத்துவது. கன்னியம்மாவுக்குப் பித்தளை. மீன் விற்று முடித்து வந்து, கதவுக் குமிழெல்லாம் புளி போட்டுத் தேய்ப்பாள். புயலின்போது குப்பத்து ஜனங்களை இந்த வீட்டில்தான் தங்க வைத்தார்கள். அதிலிருந்து வருகிறாள். ஐப்பசி முழுக்கக் காணோம். அடையாறில் ஆஸ்பத்திரி. கர்ப்பப்பையில் புற்று.

ஆளுக்கொரு சால்வை, ரோஜா மாலை. ஒரு மாலை மிச்சம். "கன்னியம்மாவ விட்டுட்டா தப்பும்மா" என்று டிரஸ்ட் செக்ரட்டரி ஐயா அதை அவள் படத்துக்குப் போட்டார். எங்கள் படமெல்லாம் மாட்டியிருக்கிற பலகை, தெருவிலிருந்தே தெரியும். எல்லோரும் கை தட்டினோம். படத்துக்கு மாலை என்றால் என்ன அர்த்தம்? எனக்கும் தோன்றவில்லை. ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கேசரியில் நெய் கம்மி.

கார்த்திகை 8, திங்கள்
மழை. முழங்கால் வலி. சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோச்சு.

வக்கீல் வீட்டு வாசலில் குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர், மார்பில் அடித்துக்கொண்டு. யாரோ பஸ்ஸிலிருந்து படத்தைப் பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு வார்த்த சொல்லலியே, பாவிங்களா! பொணம் எங்க கீது?"

அவள் மகன் வேலு ஆட்டோவில் வந்து குதித்தான். "இன்னாத்துக்கு அழுவுறீங்க? எங்கம்மா உசுரோட கீது! இப்பதான் கஞ்சி ஊத்திட்டு வர்றேன். யார்யா மால போட்டது?"

செக்ரட்டரி, "மரியாதைக்குத்தான்பா..."

"உன் மரியாதைய நீயே வச்சிக்க."

மாலையைப் பிய்த்து எறிந்தான். படத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இதழ்களை நான் பெருக்கினேன். கதவுக் குமிழ்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. அவள் வேலை, யாருக்கும் கை போகவில்லை.

அவள் காதுக்குப் போயிருக்குமோ.

கார்த்திகை 10, புதன்
மழை விட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே அடையாறு.

தலை மொட்டை. கை குச்சி மாதிரி. விஷயம் காதுக்குப் போயிருக்கிறது.

"இன்னாக்கா, முன்கூட்டியே எனக்குக் கருமாதி பண்ணிட்டீங்களாமே? வடயாச்சும் நல்லா இருந்திச்சா?"

சிரித்தாள். சிரித்ததில் வலி வந்து போர்வையைக் கடித்துக்கொண்டாள். நான்தான் அழுதேன்.

"அழாதக்கா. டாக்டரம்மா வூட்டுக்கு இட்டுகினு போவச் சொல்லிட்டாங்க."

வெளியே வந்து வேலுவைக் கேட்டேன். "பொங்கல் தாண்டாதாம் ஆயா." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

திரும்ப உள்ளே போனதும் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பலகைல என் மூஞ்சி இருக்கணுங்கா. பழைய படம் வாணாம், அதுக்குத்தான் மால வுழுந்துட்ச்சே. இப்ப எப்டி கீறனோ அப்டியே. நான் கீறப்பவே மாட்டுங்க."

கட்டிலில் உட்கார வைத்தோம். வேலு போனில் எடுத்தான். இரண்டு தடவை.

கார்த்திகை 11, வியாழன்
வெயில். குப்பத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். எழுந்து நடக்க முடியாது. இனி வக்கீல் வீட்டுக்கு வரமாட்டாள்.

பலகையில் ஆறு படம், ஓர் ஆணி. புதுப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செக்ரட்டரி வாங்கிப் பார்த்து, "மொட்டத் தலையாம்மா? வர்றவங்க பயப்படுவாங்களே. யோசிப்போம்" என்று மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

யோசிக்க அவளுக்கு ஏது நாள்.

வீட்டுக்கு வந்து, எங்கள் சேவைக்காரர்கள் வாட்ஸப் குழுவில் எல்லோர் காதிலும் விழுகிறாற்போல் பேசி அனுப்பினேன்:

"ஐயா, கன்னியம்மா படத்த இன்னிக்கே மாட்டுங்க. மாட்டினத ஒரு போட்டோ புடிச்சு இதுல போடுங்க. வேலு போன்ல அவ பாக்கணும். மால வேணாம். படம் மட்டும் போதும்."