சன்னலுக்கு வெளியே போன பார்லித் தண்ணீர்

சூரியநெல்லி,
ஞாயிறு.

அன்பு மகள் செல்வலட்சுமிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை அருண்பாண்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம் என்று மட்டும்தான் எழுத முடிகிறது. போனில் பேசினால் இந்த ஒற்றை அறையில் அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம், வீட்டுக்கு வரும் நர்ஸ் ஜிஸ்மி இதைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். குழப்பாமல் எழுத வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. அம்மாவின் நோய்.
2. நான் கொடுத்த கைமருந்து.
3. டாக்டர் சொன்னது.
4. அம்மா உன்னைத் தேடவில்லை, நீ அலைய வேண்டாம் என்பது.

மூன்று மாதமாக அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகிறது. அடிமாலி ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதித்ததில் ஒரே நேரத்தில் மூன்று வகைக் கிருமி என்று வந்தது. பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து திரும்பவும் கொடுத்தேன், அதே மூன்று. அங்கே கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றாள், நாலாம் நாள் எரிச்சலும் குறைந்தது, நானாகவே நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பதில் காலையில் நெருஞ்சில் கஷாயம், பதினொன்றுக்கும் மூன்றுக்கும் பார்லித் தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாழைத்தண்டுச் சாறு. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கணக்கு எழுதிய கை, ஒவ்வொரு டம்ளருக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். இருபத்தொரு நாள், ஒரு கோடு விடவில்லை. நடுவில் வந்த காய்ச்சல்தான் விடவில்லை. போன செவ்வாய் சன்னலுக்கு வெளியே சௌசௌ கொடியடியில் பார்லிப் பருக்கைகள் கிடந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, கொடி நல்லாத்தானே காய்க்குது, உங்க மருந்து வீணாப் போகலை என்று சிரித்தாள். அப்புறம்தான் சொன்னாள், குடிச்சா கக்கூசுக்குப் போகணும், லைன் வீட்டுக்குப் பின்னால பதினாலு படி, உங்க முட்டிய வச்சுக்கிட்டு என்னை எத்தனை தரம் இறக்கி ஏத்துவீங்க, ரெண்டு பேரும் விழுந்து கிடந்தா தூக்க ஆள் இருக்கா என்று. முப்பது வருஷம் மலையில் கொழுந்து கிள்ளியவள், ஒதுங்க மறைவில்லை என்று பொழுதுக்கும் தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகியவள். சாயங்காலம் அவள் கொண்டுவந்த கொழுந்தை நிறுத்து எழுதிய எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை.

கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்கிறார் டாக்டர். கஷாயத்தை முழுக்கக் குடித்திருந்தாலும் இதைத் தீர்த்திருக்காதாம், மாத்திரையைப் பாதியில் விட்டதுதான் கெடுதலாம். இனி கோட்டயத்தில் சேர்த்து ஊசி போட்டுத்தான் பார்க்க வேண்டும், அதற்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அம்மா வரமாட்டேன் என்கிறாள். அஞ்சு மணி நேரம் வண்டியில என்னால அடக்க முடியாது, வழியில எங்க இறங்குறது, ஊரு சிரிக்கவா என்கிறாள். ஜிஸ்மி கொண்டுவந்த டயப்பரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தானே இவ்வளவும் ஆனது. நான்காவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும்.

நீயும் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறாய். தண்ணீர் குடி, அடக்கி வைக்காதே. டாக்டர் எழுதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. முருகன் உங்கள் இருவருக்கும் துணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
பெ. செல்லத்துரை

ஜிஸ்மியிடம் கொடுக்கும் முன் ஒருமுறை வாசித்தேன். நான்காவதாக எழுதியது தவறு. நேற்றுக் குளிர்காய்ச்சலில் அம்மா, செல்வி வர்ற பஸ் போயிருச்சா என்று கேட்டாள். இன்னும் வரலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.