இருவர் பிடித்த மூலிகைக் கட்டு

என் ஸ்டெல்லாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டிய மூலிகைக் கட்டு கடைசி வரை அணையவில்லை. சிரிக்காதே. நாம் பாடம் நடத்திய பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பறை, விஜயநகரில் அடுத்தடுத்த தெரு என்று என்னோடு இருந்தவள் நீ. நான் பற்ற வைத்த கட்டு எதுவும் ஐந்து நிமிஷம் தாண்டியதில்லை என்று உனக்குத் தெரியாதா?

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் மொட்டைமாடித் தொட்டிகளுக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். நொச்சி என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. மரிக்கொழுந்து ஒருமுறை வாடி, பிறகு பிழைத்துக்கொண்டது. துளசிக்கும் ரோஸ்மேரிக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் என் சமையலறையில் உன்னைக் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவள் இலையைக் கொளுத்திக்கொண்டு வீடு வீடாகப் போகிறாயே, வெட்கமாக இல்லையா?" என்று. பாதி குடித்த காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாய். இரண்டு வாரம் கழித்து நீயாகவே வந்தாய், ஒன்றும் நடக்காததுபோல. நானும் அப்படியே விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை.

யார் வீட்டில் மனம் சரியில்லை என்றாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். நீ ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்வாய். மணல் பரப்பிய மண்தட்டில் காய்ந்த மூலிகைக் கட்டை வைத்துப் பற்ற வைத்து, சுடரை அணைத்துப் புகையை மட்டும் விடுவாய். பிறகு உன் சட்டம் ஆரம்பிக்கும். ஒரு அறையில் யார் குரலை உயர்த்தினார்களோ, அங்கே அவர்கள்தான் தட்டைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் கத்தியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பிடிக்க வேண்டும். நடுவில் அணைந்தால் மறுபடி பற்ற வைக்கக் கூடாது. "இன்னும் மனசு ஆறல, வேற நாள் வர்றேன்" என்று கிளம்பிவிடுவாய்.

"புகை எதைச் சுத்தம் பண்ணுதுன்னு எனக்கும் தெரியாது ரங்கா அக்கா. ஆனா கையில நெருப்பு இருக்கும்போது யாரும் கத்துறதில்ல" என்பாய்.

உன் வீட்டு ஹாலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள். "நர்ஸா இருந்தும் அம்மாவுக்கு என்னன்னு உனக்குத் தெரியலையா?" என்று டேனியல் அக்காவைக் கேட்டான். "ஹெப்பாள்ல இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்தவன் பேசாதே" என்றாள் அனிதா. அதோடு சரி. ஒரு வருஷம் உன் மகனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. வீடு பூட்டியே கிடந்தது.

இரண்டு மாதம் முன்னால் அனிதா வந்தாள். "இங்கயே வந்துடலாம்னு பார்த்தேன் பெரியம்மா. ஆனா டேனி கால் வைக்காத வீட்டுல நான் எப்படி இருப்பேன்? வித்துடலாம்" என்றாள். "முதலில் அம்மா செய்வதுபோல வீட்டைச் சுத்தம் செய்வோம். அப்புறம் முடிவெடு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கட்டு யார் கட்டுவது?

முதல் கட்டு வீணாகிவிட்டது. வாசனைக்கு ஆசைப்பட்டு ஓமவல்லியை, நீ சொல்லும் தொட்டபத்ரெயை, நடுவில் வைத்துவிட்டேன். அது தண்ணீர் நிறைந்த இலையாயிற்றே! வெளியே காய்ந்து, உள்ளே பூசணம் பூத்துவிட்டது. 'தொட்டபத்ரெ மோர்ல அரைக்கிற தம்புளிக்குத்தான்கா, கொளுத்த இல்ல' என்று நீ தலையில் அடித்துக்கொள்வது என் காதில் கேட்டது.

இரண்டாவது, காய்ந்ததும் தளர்ந்து உதிர்ந்தது. அப்போதுதான் நம் பள்ளிப் பெண்களின் சடை நினைவுக்கு வந்தது. காலையில் எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் சாயங்காலம் தொளதொளவென்று நிற்குமே? செடியும் அப்படித்தான். காயக் காயச் சுருங்கும். மூன்றாவது கட்டில் நொச்சிக் குச்சிகளை நடுவில் வைத்து, மற்றதைச் சுற்றிலும் அடுக்கி, பருத்தி நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினேன். மூன்றாம் நாள் நூலைப் பிரித்து மறுபடி இறுக்கினேன். ஏழாம் நாள் இன்னொரு முறை. நிழலில் மூன்று வாரம் தொங்கவிட்டேன்.

போன சனிக்கிழமை காலை பற்ற வைத்தோம். படுக்கையறை, சமையலறை, மாடிப்படி எல்லாம் அனிதா தனியாகவே சுற்றி வந்தாள். ஹால் வாசலில் நின்றுவிட்டாள்.

"இங்க நான் மட்டும் கத்தல பெரியம்மா."

"இல்லைதான்."

"அம்மா சட்டம்..."

"சட்டம் எனக்கும் தெரியும். போனை எடு."

எடுத்தாள். "டேனி, ஹால் வாசல்ல நிக்கிறேன். அம்மா செடியில பெரியம்மா கட்டின கட்டு. பாதி எரிஞ்சாச்சு. இதை நான் தனியாப் பிடிக்க முடியாது. பேக பாரோ, சீக்கிரம் வாடா" என்றாள். அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

வருவானா? ஊரின் மறுகோடி ஹெப்பாளிலிருந்து வண்டியில் வர எவ்வளவு நேரம் ஆகும்? கட்டோ விரல் விரலாகக் குறைகிறது. புகை மெலிந்தபோது அனிதா ஊதப் போனாள். "ஊதாதே, நட" என்றேன். நீ சொன்னதுதான். ஊதினால் சாம்பல் பறக்கும், நடந்தால் காற்று தானாகப் படும். தேர்வு அறை மேற்பார்வைபோல, இரண்டு பேரும் தட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தோம். எதிர்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பார்க்கட்டும்.

இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கும்போது வண்டிச் சத்தம். பாக்டரிச் சீருடையோடு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியேறினான் உன் மகன்.

"என்ன பெரியம்மா, உங்க கட்டு இவ்வளவு நேரம் நிக்குதா? அம்மா நம்பவே மாட்டாங்க."

"வந்ததும் ஆரம்பிச்சிட்டான் பாருங்க" என்றாள் அனிதா. "ஹெல்மெட்டைக் கழட்டுடா. அதுக்குள்ள புகை எப்படிப் போகும்?"

அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் தட்டைப் பிடித்தார்கள். ஜன்னல் பக்கம் போகும்போது டேனியல் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வந்தேன். நீ சொன்னது நிஜம்தான்கா." அனிதா தட்டை நேராகப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "தினம் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நாடி பார்க்கிறேன். அம்மா கையைப் பிடிச்சுப் பார்க்கலடா" என்றாள். ஹாலை மூன்று முறை சுற்றினார்கள். கட்டு மணலில் சாயும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை.

வீடு விற்பனைக்கு இல்லை, ஸ்டெல்லா. அனிதா வந்துவிட்டாள். நேற்று புதன்கிழமை. டேனியலின் வண்டி உன் வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, புதன்கிழமை! உன் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை. என் முடிச்சை நினைத்தும் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்?

இன்று காலை நொச்சி ஒடித்து அடுத்த கட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இது என் சமையலறைக்கு. அங்கே குரலை உயர்த்தியவள் நான் ஒருத்திதான். அதனால் உன் சட்டப்படி தட்டை நானே பிடிப்பேன். அது சாம்பலாகி முடிவதற்குள், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சத்தமாகச் சொல்லிவிடுவேன். காபி போட்டு வைக்கிறேன். இந்த முறை பாதியில் எழுந்து போகாதே.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றும் அக்கா,
ரங்கா