தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது

எய்னோ அண்ணா,

வீட்டுக்குப் பின்னால் புகை தெரிகிறதா? பயப்படாதே! இந்தத் தடவை வெந்நீர்த் தொட்டிக்குள் வரைந்திருக்கும் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தாண்டிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன். நான்கு முறை குனிந்து பார்த்தேன். "கையில புத்தகம் இருந்தா உனக்குத் தண்ணியும் தெரியாது, தீயும் தெரியாதுடி" என்று ஒரு வருடமாகச் சொல்கிறாயே, இன்று அதை வாபஸ் வாங்கு.

ஹென்னா அக்கா சிட்னியிலிருந்து இரண்டு வருடம் கழித்து வருகிறாள்! ஐந்து மணிக்கு ஊலு நகரத்திலிருந்து வரும் பஸ்ஸில் வந்து இறங்குவாள். "தலையில பனி விழ விழ நம்ம தொட்டியில உக்காரணும்டி, வேற எதுவும் வேண்டாம்" என்று போனில் சொன்னாள். அவள் பெட்டிகளைப் பனியில் இழுத்துவர நான் சறுக்குவண்டியோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடுகிறேன்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. வந்ததும் அடுப்பில் இரண்டு பிர்ச் விறகுக் கட்டை போடு. தீ அணைந்தால் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஓடும் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். மூடியைத் தூக்கித் துடுப்பால் கலக்கு. மேலே கொதித்தாலும் அடியில் சில்லென்று இருக்கும். சால்மன் மீன் சூப்பை நீயே முடித்துவிடாதே.

போன வருடம் தண்ணீர் நிரம்புமுன் நான் தீ மூட்டி, உள்ளே தண்ணீர் ஓடாமல் அலுமினிய அடுப்பு உருகியபோது, அப்பாவிடம் "நான்தான் பத்த வச்சேன்" என்றாய். இன்று தொட்டியில் எல்லோரும் உட்கார்ந்ததும் அவரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். நீ குறுக்கே பேசாதே.

வென்லா

பி.கு. நீ கேட்ட நாவல் உன் தலையணைமேல் இருக்கிறது. தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரி வரும்வரை திறக்காதே. எனக்கு இதன் ஐம்பதாம் பக்கத்தில்தான் அடுப்பு உருகியது.