சிறகுக்காரன் இறங்கும் சனிக்கிழமை

செவ்வாய்க்கிழமை, காலை

ஆண்டவன் துணை.

கடலில் இருக்கும் என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போயிற்று. ஐந்து மாதமாக அப்படியே எழுதிப் பழகிவிட்டது. இந்தத் தடவை எழுதப்போவதில்லை. நீ எங்கே நின்றுகொண்டு படித்தாலும் முதலில் உட்கார்ந்துகொள்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உன் அப்பா தியேட்டர் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கப்போகிறார். நான்கு மாடி உயரம். நீ அனுப்பிய பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான். அதை நீதான் நிறுத்த வேண்டும்.

சிறகுக்காரன் படம் வந்து நாற்பது வருஷம் ஆகிறதாம். தியேட்டரில் ஒரே ஒரு காட்சி போடுகிறார்கள். அந்தப் படத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோறு ஊட்டும்போதே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நீ. பன்னிரண்டு வயதில் அப்பாவுக்கு டிக்கெட் எடுக்க வழியில்லை. டிக்கெட் கிழிக்கிறவர் இரக்கப்பட்டு இடைவேளைக்கு அப்புறம் உள்ளே விடுவாராம். அப்படிப் பாதிப் படத்தையே பதினோரு தடவை பார்த்தவர். பழைய சாமான் கடையில் நீ அந்தக் கேசட்டைத் தேடிப் பிடித்து வந்த அன்றைக்குத்தான், சிறகுக்காரனுக்குச் சிறகு எப்படி வந்தது என்றே அவருக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வயது மனுஷன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு வந்த சூப்பர் ஹீரோ படம் ஒன்றையாவது நீங்கள் இரண்டு பேரும் விட்டதுண்டா? உடம்பெல்லாம் தகடு போட்டவன், சுவருக்குள் நுழைந்து போகிறவன், மழையைக் கையில் பிடிக்கிறவள். படம் முடிந்து பேரெல்லாம் ஓடி, கடைசியில் வருகிற அந்தத் துண்டுக் காட்சிக்காக உட்கார்ந்திருப்பீர்கள்; பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு தலைமாட்டில் நிற்பாள். இவ்வளவு சக்தி இருக்கிறவன் கஷ்டம் வந்தால் யாரைக் கும்பிடுவான் என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, ‘அவனுக்கு எங்கே நேரம்? அவனையே நூறு பேர் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க’ என்றார் அப்பா.

அப்பாவும் அவர் சிநேகிதர்களான பிளம்பரும் கண்ணாடிக் கடைக்காரரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. சிறகுக்காரன் கோட்டை மேலிருந்து இறங்குகிற மாதிரி, படம் தொடங்குமுன் வாசலில் கூடியிருப்பவர்கள் முன்னால் அப்பா இறங்க வேண்டும். எனக்குச் சொல்லவில்லை. நீல மேலங்கி ஒன்று தைத்துத் தரச் சொன்னார், தைத்தேன். முதுகில் ஒரு சாண் அளவுக்குத் திறப்பு வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். ‘காத்து போறதுக்கு’ என்றார். நேற்று நம் குழாயைப் பார்க்க வந்த பிளம்பர்தான், ‘அக்கா, சனிக்கிழமை மாமா பறக்கப்போறாரு, முன்னாடி வந்து நில்லுங்க’ என்று உளறினார். திறப்பு காற்றுக்கு இல்லை, கயிற்றுக்கு என்று அப்போது புரிந்தது.

இருபத்தெட்டு வருஷம் லிப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்தவருக்கு நான்கு மாடி என்ன பெரிது என்று நீ நினைப்பாய். அந்த நம்பிக்கையில்தான் பெல்ட் அனுப்பினாய். உன்மேல் தப்பு இல்லை. உனக்கு நாங்கள் சொல்லாததுதான் தப்பு.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வயிற்றுக் கோளாறு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்று எழுதினேனே, அது வயிறு இல்லை. நெஞ்சு. ஆறாவது மாடியில் லிப்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறபோது வலி வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் தூக்கி வந்தார்கள். அடைப்பு இருந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, ‘பெரியவனுக்குச் சொல்லிடாதே. கப்பல் ஏறி நாலு நாள்தான் ஆகுது, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்’ என்று ஆண்டவன் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை இந்தத் தாளில் உடைக்கிறேன். அதற்கு உண்டானதை நான் ஆண்டவனிடம் பேசிக்கொள்கிறேன்.

அப்பா சூப்பர்வைசர் ஆகிவிட்டார் என்று உனக்கு எழுதினாரே, அதுவும் இல்லை. உயரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் கீழ்த்தளத்து ஸ்டோரில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி முதல் மாத்திரை வரைக்கும் எதையும் நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம், உனக்குத் தெரியும். நேற்று அட்டைகளை எடுத்து எண்ணினேன். வெள்ளை மாத்திரை எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு இருக்கிறது. ஆறு நாளாக அதை மட்டும் போடவில்லை. அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தலைசுற்றல் வரலாம் என்றும், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்றும் அடுத்தடுத்த வரியிலேயே போட்டிருக்கிறது. முதல் வரிக்குப் பயந்து நிறுத்தியிருக்கிறார். இரண்டாவது வரியை அவர் படிக்கவில்லை. கயிற்றில் இறங்கும்போது தலை சுற்றக்கூடாதாம்.

கேட்டேன். ‘அஞ்சு மாசமா நாற்காலியில உக்காந்து நட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன். ஒரே ஒரு தடவை எறங்கிட்டு வந்துடறேன், அப்புறம் நீ சொல்றபடி கேக்கறேன்’ என்றார். உனக்கு எழுதுவேன் என்றேன். ‘எழுதிப் பாரு, அப்புறம் இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச மாட்டேன்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

தியேட்டர் மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம். பிளம்பருக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கும் நெஞ்சு விஷயம் தெரியாது. சொன்னால் அவர்களே விடமாட்டார்கள். ஆனால் அன்றையிலிருந்து அவர்கள் கண்ணில் அவர் நோயாளி. அதை நான் செய்யமாட்டேன். நீ சொன்னால் கேட்பார். பத்து மணிக்கு உன் கப்பல் கம்பெனி அலுவலகம் திறந்ததும் இதைக் கொண்டுபோகிறேன். அங்கே வேலை செய்யும் பெண் படமெடுத்துக் கப்பலுக்கு அனுப்பிவிடுவாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா


வியாழக்கிழமை, மத்தியானம்

ஆண்டவன் துணை.

என் பெரியவனுக்கு, அம்மா.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு நாளாக அலுவலகத்துக்கு நடக்கிறேன். ‘கப்பல் புயலுக்கு ஒதுங்கிச் சுத்திப் போகுது ஆன்ட்டி, சிக்னல் விட்டு விட்டு வருது, லெட்டர் போச்சா இல்லையான்னு எனக்கே தெரியல’ என்கிறாள் அந்தப் பெண். புயல் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்கு வேண்டுதல் இரண்டாகிவிட்டது. நீ ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

நேற்று ஒத்திகை. மனுஷனுக்குப் பதில் மணல் மூட்டையைக் கட்டி இறக்கிப் பார்த்தார்களாம். பிளம்பர் வந்து, ‘மூட்டை பூ மாதிரி வந்து உக்காந்துச்சு அக்கா. மாமா முடிச்சுப் போடற அழகை நீங்க பாக்கணுமே’ என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த அப்பா நம் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுவிட்டார். என்ன என்று எட்டிப் பார்த்தேன். ஷூ லேஸ் கட்டுகிறேன் என்றார். அவர் காலில் இருந்தது செருப்பு.

மேலங்கியில் அந்தத் திறப்பை நான் வைத்துத் தரவில்லை. அவரே பிளேடால் கிழித்துக்கொண்டார். ஓரம் பிசிறு பிசிறாக நின்றது. கயிற்றில் நூல் சிக்கினால் என்ன ஆவது என்று மனசு கேட்காமல், நானே மடித்துத் தைத்துக் கொடுத்தேன். என் பாவக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்.

இன்னொன்றையும் செய்யப் பார்த்தேன். இன்று காலை வெள்ளை மாத்திரையைப் பொடித்து அவர் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கொண்டுபோனேன். தெரியாமல் கலந்துவிட்டால் உடம்புக்காவது போய்ச் சேருமே என்றுதான். கலக்கவில்லை. உன்னிடம் ஐந்து மாதம் மறைத்தேன். இப்போது அவரிடமும் மறைக்க ஆரம்பித்தால் இந்த வீட்டில் யாருக்கு யார் மிச்சம்? பொடியைக் காகிதத்தில் மடித்து அவர் எதிரிலேயே வைத்து, இது இன்றைக்கு உள்ளது என்றேன். பார்த்தார். எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, சிறகுக்காரன் இறங்குகிற இடத்தில் மேலே கம்பி தெரிகிறது என்று நீ சிரிப்பாயாம். இந்தத் தடவை கம்பி தெரியாமல் இறங்கிக் காட்டுகிறேன், படமெடுத்து அவனுக்கு அனுப்பு என்று கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். இது யாருக்காக என்று உனக்குப் புரியட்டும் என்றுதான் எழுதினேன். உன்னைக் குத்துவதற்கு இல்லை.

இது கையில் கிடைத்தால் ஒன்றும் யோசிக்காதே. எப்படியாவது கூப்பிடு. என்னை இல்லை, அவரை.

அம்மா


ஞாயிற்றுக்கிழமை, காலை

ஆண்டவனுக்கு நன்றி.

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. அப்பா இருக்கிறார். பக்கத்து அறையில்தான் இருக்கிறார். இதை முதலில் படித்துவிட்டு மற்றதை மெதுவாகப் படி.

நேற்று மூன்றரை மணிக்கு உன் போன் வந்தபோது அவர் மேலங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிஷம். ஒரு தடவை சத்தமாக ஏதோ சொன்னார். வெளியே வந்து என்னைப் பார்த்து, ‘எழுதிட்டே இல்ல’ என்றார். அவ்வளவுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெல்ட்டும் பையில்தான் இருந்தது. நீ என்ன சொன்னாய், அவர் என்ன ஒத்துக்கொண்டார், எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். மீசை நரைத்தவர்களெல்லாம் மேலங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் கைத்தடியோடு, ஒருவர் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு. முகத்தில் கலர் பூசிய பெண்பிள்ளைகள் வேறு. அப்பாவை எங்கும் காணோம். ஆறு அடித்ததும் விளக்கைப் போட்டார்கள். மொட்டை மாடி விளிம்பில் நீல மேலங்கி எழுந்து நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்குக் கண்ணைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. தெரிந்த பிரார்த்தனையெல்லாம் பாதி பாதியாக வந்தது. ஒன்றையும் முடிக்க முடியவில்லை.

திடீரென்று சத்தம் அடங்கிவிட்டது. பார்த்தேன். இரண்டாவது மாடி உயரத்தில் நின்றுபோய் அந்த உருவம் அப்படியும் இப்படியும் சுற்றுகிறது. மேலங்கி தலையை மூடிவிட்டது. இரண்டு காலும் காற்றை உதைக்கின்றன. பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன், யாரென்றே தெரியாது.

அப்போது கீழேயிருந்து அப்பா குரல் கேட்டது. ‘டேய், வயித்தை உள்ள இழுடா! சுவத்தை உதைக்காதே! வலது காலை ஊணு, ஊணிட்டு என்னைப் பாரு!’ மேலேயிருந்து பிளம்பர் குரல், ‘எங்க மாமா பாக்கறது, துணி மூஞ்சியை மூடிக்கிச்சு!’ கூட்டம் இதெல்லாம் நாடகம் என்று நினைத்துக் கைதட்டுகிறது. நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். மாடிக் கப்பியிலிருந்து வரும் கயிற்றை வாசல் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, கையுறை போட்ட இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். நின்றபடியே சாண் சாணாக விட்டார். பிளம்பர் தரையில் கால் வைத்ததும் தொப்பென்று உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற நாலு பேரைக் கட்டிக்கொண்டார்.

நீ ஏன் இறங்கவில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார். ‘கயிறு பிடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். நானே தொங்கினா எவன்டா பிடிப்பான்?’ என்று சிரித்தார் அப்பா. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

உள்ளே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தத் தியேட்டரில் முதல் ரீலிலிருந்து அவர் படம் பார்ப்பது நேற்றுத்தான். இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினார். வெள்ளை மாத்திரையை வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். வருகிற வழியெல்லாம் பேச்சு இல்லை. இன்று காலையும் இல்லை. சொன்னால் சொன்னபடி செய்கிறவர். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். மறுக்கவில்லை. என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. பேசாமல் இருக்க ஓர் ஆள் வேண்டுமே, அது போதும் எனக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்து வந்து என் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது நாலாக மடித்து, ‘பெரியவனுக்கு’ என்று மேலே எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறார். இதோடு சேர்த்துப் படமெடுக்கக் கொடுப்பேன். அந்தப் பெண் பிரிக்கும்போது நான் திரும்பி நின்றுகொள்வேன்.

நான் படிக்கமாட்டேன். நீயும் அதில் இருப்பதை எனக்குச் சொல்ல வேண்டாம். உடம்பைப் பற்றி ஒரு வரியாவது இருந்தால், இருக்கிறது என்று மட்டும் எழுது. படத்தைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. நீயும் ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுகிறாய் கண்ணு. புயலில் எப்படி இருந்தாய், எங்காவது அடிபட்டதா, சாப்பிட்டாயா, உள்ளதை உள்ளபடி அம்மாவுக்கு எழுது. நான் தாங்குவேன்.

நீ மிதிக்கிற பலகை உறுதியாக இருக்கட்டும். உன் தலைமேல் ஆண்டவன் கை இருக்கட்டும்.

உன்
அம்மா